அம்மி கொத்துபவர் வெட்டிய எழுத்து

எங்கள் தாத்தாவின் கல்லறைக் கல்லில் ஒரு எழுத்துப்பிழை இருக்கிறது. "சமாதானத்தில் இளப்பாறுகிறார்" என்று வெட்டியிருக்கும். 'ளை'யில் அந்தக் காலத்தில் போட்ட தும்பிக்கைச் சுழி விட்டுப்போயிற்று. பெயரின் கடைசி எழுத்துக்கும் முதல் வரியில் இடம் போதவில்லை. அதனால் 'மி' மட்டும் அடுத்த வரியின் தொடக்கத்தில், வீட்டுக்கு வெளியே நிற்கவைத்த பிள்ளைபோலத் தனியாக நிற்கும். 1968-இல் வைத்த கல். அந்த 'றா'வும் இன்றைய 'றா' இல்லை. காலைத் தனியாக எழுதாமல் ஒரே எழுத்தாகச் சுழித்த பழைய வடிவம்.

போன கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா மகன் பேச்சை ஆரம்பித்தான். "அண்ணே, எத்தன வருசத்துக்கு இந்தக் கல்லயே வச்சிக்கிட்டு இருப்போம்? பக்கத்துல எல்லாரும் கிரானைட் போட்டுட்டாங்க. தாத்தா படத்தோட லேசர்ல வெட்டித் தாராங்க. முப்பத்தெட்டாயிரம்தான்." அவன் சொன்னதில் பொய்யில்லை. இரண்டு பக்கமும் கறுப்புக் கிரானைட் கண்ணாடிபோல மின்னுகிறது. ஏற்றிவைத்த மெழுகுவர்த்தி அதற்குள் இரண்டாகத் தெரிகிறது. நடுவில் தாத்தாவின் கல் பாசி படிந்து, சுண்ணாம்பு உரிந்து நிற்கிறது.

எனக்கு மனமில்லை. காரணம் கேட்டால் சட்டென்று சொல்ல வரவில்லை. "அந்தக் கல்ல யார் வெட்டுனா தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன். அவனுக்குத் தெரியாது. தெருத்தெருவாக "அம்மி கொத்தலையோ அம்மி" என்று கூவிக்கொண்டு வருவாரே, அவர். ஆச்சி சொல்லித்தான் எனக்கே தெரியும். ஊரில் அப்போது கல்லில் கைவைக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தானாம். அவருக்கு எழுத்துத் தெரியாது. உபதேசியார் கரித்துண்டால் கல்லின்மேல் எழுதிக் கொடுக்க, அவர் அந்தக் கோட்டின்மேலேயே உளியை ஓட்டினார். கரி எங்கே அழிந்ததோ அங்கே சுழி போயிற்று.

பழைய கல்லறைத் தோட்டங்களில் சுற்றும் பழக்கம் எனக்கு இருபது வருடமாக உண்டு. வீட்டில் யாருக்கும் பிடிக்காத பழக்கம். போகிறவர்கள் பெரும்பாலும் பெயர்களைத் தேடிப் போகிறார்கள். நான் முதலில் கல்லைப் பார்ப்பேன், பிறகு உளித்தடத்தை. கடைசியில்தான் பெயர். இது அந்த அம்மி கொத்துபவரிடமிருந்து வந்த புத்தி என்று நினைக்கிறேன்.

சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் ஆரம்பிக்கலாம். 1680-இல் கட்டியது. அதன் வளாகத்தில் தரை முழுக்கக் கல்லறைக் கற்களே பாவுகல்லாகக் கிடக்கின்றன. முதல்முறை போனபோது செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். வெயிலில் கல் சுட்டது, மறுபடி போட்டுக்கொண்டேன். அவற்றின் அடியில் பெரும்பாலும் யாரும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பழைய இடுகாடு இன்றைய சட்டக் கல்லூரி, உயர் நீதிமன்றப் பக்கம் இருந்தது. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டபோது, அங்கே ஓங்கி நின்ற கல்லறைகள் அவர்களுக்கு நல்ல மறைவிடமாகிவிட்டன. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, அந்தக் கல்லறைகளை இடித்தது. எழுத்து வெட்டிய பலகைக்கற்களை மட்டும் பெயர்த்துக் கோட்டைக்குள் கொண்டுவந்து தேவாலயத்தைச் சுற்றிப் பதித்தார்கள். பிறகு ஹைதர் அலியுடனான போரில் அதே கற்களில் சிலவற்றைப் பெயர்த்துக் கொத்தளத்தில் பீரங்கி நிறுத்த எடுத்துப்போனார்கள். செத்தவர் பெயர் எழுதிய கல்லின்மேல் பீரங்கி! கல் நல்ல கல்லாக இருந்தால் அதற்கு ஓய்வு கிடையாது.

அந்தக் கற்களில் 1652 என்று ஆண்டு போட்ட ஒன்று உண்டு. எலிசபெத் பேக்கர், கோட்டைத் தலைவராக வந்த ஆரோன் பேக்கரின் மனைவி. லத்தீன், போர்த்துக்கீசியம், ஆர்மீனியம் என்று பல மொழிக் கற்கள் அங்கே அருகருகே கிடக்கின்றன. இடித்ததில் தப்பியவற்றில் ஒன்று, சட்டக் கல்லூரி வளாகத்தில் இன்னும் நிற்கும் ஊசிக்கோபுரக் கல்லறை. ஜோசப் ஹின்மர்ஸ் என்ற அதிகாரியும், எலிஹு யேலின் சின்ன மகன் டேவிட்டும் அதில் இருக்கிறார்கள். ஹின்மர்ஸின் விதவையைத்தான் யேல் மணந்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவரின் பிள்ளை, பாரிமுனை நெரிசலுக்கு நடுவே.

கல் என்றேனே, அதற்கு வருகிறேன். கல்கத்தாவில் புனித ஜான் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. எண்கோண மண்டபம், உள்ளே ஒரு கருங்கல் பலகை. கல்கத்தாவை நிறுவியவர் அவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அப்படிச் சொல்லக் கூடாது என்று 2003-இல் அந்த ஊர் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. எனக்கு அக்கறை அந்தப் பலகைக்கல்லில்தான். 1893-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் என்பவர் அந்தக் கல் என்ன வகை என்று பார்த்தார். அது வங்காளத்துக் கல்லே இல்லை. வங்காள வண்டலில் கல் ஏது? சென்னைக்குப் பக்கத்தில் பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளில் உள்ள அதே பாறை. அந்தப் பாறை வகைக்கு அவர் 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். இன்று உலகம் முழுவதும், அண்டார்டிகாவில் கிடைத்தாலும், அந்தப் பாறையின் பெயர் அதுதான். ஒரு கல்லறைக் கல்லிலிருந்து பாறைக்குப் பெயர் வந்தது. பல்லாவரத்துக்குப் பெயரில் பங்கு கிடைக்கவில்லை.

திரிசூலம் பக்கம் போனால் அந்தப் பாறையைப் பார்க்கலாம். வெயில்பட்ட மேற்பரப்பு சாதாரணப் பழுப்பாகத்தான் இருக்கும். புதிதாக உடைந்த முகம் வேறு: நீலம் கலந்த கருமை, எண்ணெய் தடவியதுபோல மினுக்கம். கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிடக் கனக்கும். உளிக்கு எளிதில் வழிவிடாது. வெட்டிய எழுத்து முந்நூறு வருடத்துக்கு அப்படியே நிற்கும்.

சார்னாக்கின் பலகையில் இன்னொரு வேடிக்கை. அவர் இறந்தது 1693 ஜனவரி என்று புத்தகங்கள் சொல்லும். கல் 1692 என்று சொல்லும். கல்லிலும் பிழையில்லை, புத்தகத்திலும் பிழையில்லை. 1752 வரை ஆங்கிலேயருக்கு வருடம் மார்ச் 25-இல்தான் பிறந்தது. ஜனவரியில் செத்தவர் பழைய வருடக் கணக்கில் போய்விட்டார். பழைய கல்லில் ஜனவரி, பிப்ரவரி தேதியைப் பார்த்தால் நான் இப்போது விரலை மடக்கிக் கணக்குப் போடுகிறேன்.

கல் கிடைக்காத ஊரில் கல்லறை எப்படி இருக்கும் என்பதற்கு அதே கல்கத்தாவில் தெற்குப் பூங்காத் தெருக் கல்லறைத் தோட்டம் சாட்சி. 1767-இல் திறந்தது. உள்ளே நுழைந்தால் ஒரு சின்ன நகரத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். எகிப்துக் கூம்பு, கிரேக்கத் தூண்மண்டபம், வானத்தைக் குத்தும் ஊசிக்கோபுரம். வடமொழி அறிஞர் வில்லியம் ஜோன்ஸின் கல்லறை அதில் மிக உயரமானது. 'இந்து' ஸ்டூவர்ட் என்று பெயரெடுத்த சார்லஸ் ஸ்டூவர்ட்டுக்கு 1828-இல் கோயில் மாதிரியே கட்டியிருக்கிறார்கள். தூரத்தில் பார்த்தால் எல்லாம் பளிங்கு போலத் தோன்றும். கிட்டே போய்ப் பூச்சு உதிர்ந்த இடத்தைப் பார்த்தால் செங்கல் பல்லிளிக்கும். கல் இல்லை, ஆனால் பணம் இருந்தது, கொத்தனார்கள் இருந்தார்கள். எனவே மேல்நோக்கிக் கட்டினார்கள். காலத்தின் மோஸ்தரும் ஒரு காரணம்தான். சூரத்தில் அதற்கும் நூறு வருடம் முன்பே ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் முகலாயப் பிரபுக்களைப் பார்த்துக் குவிமாடம் வைத்துக்கொண்டார்கள். செத்த பிறகும் பக்கத்து வீட்டுக்காரரோடு போட்டி.

நம் கரையில் டச்சுக்காரர்கள் படுத்துக்கொண்டது பலகைக்கல்லுக்கு அடியில். பழவேற்காட்டுக்குப் போனவர்களுக்கு அந்த வாசல் மறக்காது. இருபுறமும் இரண்டு எலும்புக்கூடுகள் ஆளுயரத்துக்கு நின்று வரவேற்கும். உள்ளே எழுபதுக்கு மேற்பட்ட கல்லறைகள். கூட்டிப்போன ஆட்டோக்காரர் உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டார். "இதப் பாத்துட்டு எவன் சார் ராத்திரி தூங்குவான்?" டச்சுக்காரன் எதிர்பார்த்ததும் அதைத்தான்: நீயும் ஒருநாள் இப்படித்தான் என்று நினைவூட்டுவது. அந்தக் காலத்து ஐரோப்பியக் கற்களில் மண்டையோடும் குறுக்கெலும்பும் மணற்கடிகாரமும் அடிக்கடி வருவது இதனால்தான். நூறு வருடம் கழித்து அதே ஐரோப்பியர்களுக்கு மண்டையோடு அநாகரிகமாகிவிட்டது. அதன் இடத்தில் சிறகு வைத்த குழந்தை முகம், துணி போர்த்திய ஜாடி, தலைகவிழ்ந்து அழும் பெண் எல்லாம் வந்தன. அழும் பெண்ணைவிட எலும்புக்கூடு நேர்மையானது என்பது என் கட்சி.

சதுரங்கப்பட்டினத்தில், கோட்டைக்குள்ளேயே ஒரு சின்னச் சுற்றுச்சுவருக்குள் அடைந்து கிடக்கிறது டச்சுக் கல்லறை. பழவேற்காட்டைவிட எனக்கு இதுதான் பிடிக்கும், ஆள்நடமாட்டம் இல்லாததால். ஒரு மதியம் முழுக்க அங்கே ஒரே கல்லின் முன்னால் குந்தியிருந்தேன். ஆங்கிலேயர் கல்லில் எழுத்துப் பெரும்பாலும் குழிந்திருக்கும். உளியால் கோட்டை மட்டும் தோண்டியது. இங்கே எழுத்துப் புடைத்து நிற்கிறது. எழுத்தைத் தவிர மற்ற இடத்தையெல்லாம் அரை விரலுக்குக் கொத்தி எடுத்துத் தரையாக்கியிருக்கிறார்கள். பத்து மடங்கு வேலை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே 'ஹியர் லைட் பெக்ராவன்' என்று படிக்கலாம். இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார் என்று பொருள். எழுத்துகளுக்கு இடையே உள்ள தரையில் உளி நுனி விழுந்த புள்ளிகள் நெருக்கமாக, ஒரே அளவில், மணல்மேல் தூறல் விழுந்ததுபோல. மேலே கேடயமும் தலைக்கவசமும் டச்சுக் குடும்பச் சின்னங்கள். அதைச் சுற்றி ஓடும் இலைக்கொடி இருக்கிறதே, அதைக் கோயில் தூணில் பார்த்த கண்ணுக்கு உடனே அடையாளம் தெரியும். நம் கொடிக்கருக்கு. அதே சுழி, அதே மடிப்பு.

மாமல்லபுரம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். வெட்டிய கைக்கு டச்சு தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. யாரோ ஒரு எழுத்தர் தாளிலோ கல்லிலோ வரைந்து கொடுத்திருப்பார், வெட்டியவர் அந்தக் கோட்டின்மேல் உளியை ஓட்டியிருப்பார். எழுத்தைப் படமாகப் பார்த்தவர் என்பதால்தான் அவ்வளவு அழகாக வந்ததோ என்னவோ. எங்கள் அம்மி கொத்துபவரை அங்கே உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன். ஆச்சி சொல்வாள்: அவர் எழுத்தை வெட்டி முடித்துவிட்டு, "படிச்சுப் பாருங்க, சரியா இருக்கா?" என்று ஆச்சியிடமே கேட்டாராம். ஆச்சிக்கும் படிக்கத் தெரியாது. "நல்லாத்தான் இருக்கு" என்றாளாம்.

இந்தக் கரையின் கல்லுக்கு அப்போதே வெளியூரில் கிராக்கி. பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டச்சுக் கும்பெனியாரின் கல்லறைகளுக்குச் சோழமண்டலக் கரையிலிருந்து கருங்கல் பலகைகள் கப்பலேறின. கப்பலுக்கு அடிப்பாரமும் ஆயிற்று, சரக்கும் ஆயிற்று. 1795-இல் திறந்த அந்த ஊர்ப் பழைய இடுகாடு ஒன்று இப்போது அருங்காட்சியகம். அதன் பெயர் 'தாமான் பிரசாஸ்தி'. பிரசாஸ்தி என்றால் நம் கல்வெட்டுக்காரர்கள் சொல்லும் அதே பிரசஸ்திதான். கல்லும் நம்முடையது, கல்வெட்டுக்கான சொல்லும் இந்தப் பக்கத்திலிருந்து போனது.

சென்னையில் அரண்மனைக்காரத் தெரு என்றும் சொல்லும் ஆர்மீனியன் தெருவில், 1772-இல் திரும்பக் கட்டிய ஆர்மீனிய தேவாலயத்திலும் கல் படுத்தே இருக்கிறது. நடைபாதையெல்லாம் கல்லறைகள். எழுத்துப் படிக்கத் தெரியாவிட்டாலும் படம் இருந்தால் போதும். தராசைப் பார்த்தால் வணிகர் என்று தெரிந்துவிடும். 1794-இல் இந்த ஊரிலிருந்துதான் உலகின் முதல் ஆர்மீனிய இதழ் 'அஸ்தரார்' வெளிவந்தது. நடத்திய ஹாருத்யூன் ஷ்மவோனியன் பாதிரியாரின் கல்லறை அங்கே இருக்கிறது. அவர் கல்லில் திறந்த புத்தகம் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்தால் எல்லாம் வெள்ளைப் பளிங்கு. மலைவாசஸ்தலங்களின் கல்லறைத் தோட்டங்களில் இது நிறைய. எனக்கு அவ்வளவாக ஒட்டாத காலம் அது, சீக்கிரம் கடந்துவிடுகிறேன். ஒரு விஷயம் மட்டும்: பளிங்கில் எழுத்தை வெட்டி அதில் ஈயத்தை அடித்து நிரப்புவார்கள். ஈயம் பிடிப்பதற்காகக் குழிக்குள் சின்னச் சின்னத் துளைகள் போட்டிருப்பார்கள். மழையில் பளிங்கு கரைந்து சர்க்கரைபோலச் சொரசொரக்கும்போது ஈயம் கழன்று விழும், அல்லது எடைக்குப் போட யாராவது நெம்பி எடுப்பார்கள். பிறகு துளைகள்தான் மிச்சம். அந்தத் துளைகளின் வரிசையை வைத்தே பெயரைப் படித்துவிடலாம். பிறந்தநாள் தெரியாத விண்மீன் கூட்டம் மாதிரி.

நம் எழுத்துக் கற்களுக்கும் இப்படி வயது சொல்லலாம். தேதிக்கு ௵, ௴, ௳ என்று வருடம், மாதம், நாளுக்கான குறிகள் போட்டிருந்தால் பெரும்பாலும் பழையது. தும்பிக்கை தூக்கிய 'லை'யும் 'னை'யும் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையதாக இருக்கும் (சில கல் தச்சர்கள் அரசாணையைச் சட்டை செய்யவில்லை என்பதும் உண்மை). முஸ்லிம் ஊர்களில் மீசான் கல்லில் பல இடங்களில் எழுத்தே கிடையாது. தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, அவ்வளவுதான். மண்ணுக்குள் போனவருக்கு விலாசம் எதற்கு என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் எனக்கு உயர்ந்தது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், அது கல்லறையே இல்லை. செங்கம் பக்கத்து எடுத்தனூர் நடுகல். ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலம். கருந்தேவக்கத்தி என்ற வீரன் வில்லோடு நிற்கிறான். பக்கத்தில் ஒரு நாய். நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல் சொல்கிறது. அரசனுக்கு ஒரு வரி, வீரனுக்கு ஒரு வரி, நாய்க்கும் ஒரு வரி. வெட்டியவர் பெயர் அதிலும் இல்லை.

இப்போதைய கறுப்புக் கிரானைட்டை நான் இளக்காரமாகப் பேசுவதாகத் தம்பி நினைக்கிறான். அப்படியில்லை. கிருஷ்ணகிரி, விழுப்புரம் பக்கத்துக் கறுப்புக் கல் இன்றும் கப்பலேறிப் போய் ஐரோப்பாவில், அமெரிக்காவில் கல்லறைக் கல்லாக நிற்கிறது. பத்தாவியாவுக்குப் போன அதே பாதைதான், கப்பல்தான் மாறியிருக்கிறது. ஜெர்மனியில் சில மாநிலங்கள் குழந்தைத் தொழிலாளர் உழைப்பில் வந்த கல்லறைக் கல் வேண்டாம் என்று சட்டமே போட்டன. கல்லை யார் வெட்டினார் என்று கேட்கிற முதல் சட்டம் எனக்குத் தெரிந்து அதுதான். அதுவும் எங்கோ ஒரு தூரதேசத்துக் கல்லறைத் தோட்டத்து வாசலில் எழுந்த கேள்வி. எங்கள் ஊர் இடுகாட்டில் யாரும் கேட்டதில்லை.

கடைசியில் தம்பியும் நானும் ஒரு சமரசத்துக்கு வந்தோம். பழைய கல் தலைமாட்டில் அப்படியே இருக்கும். கிரானைட் கால்மாட்டில் வரும். கல்லைச் சுற்றி மண்ணைக் கிளறிச் சுத்தம் செய்தபோது அதன் பின்பக்கத்தை முதல்முறையாகத் தடவிப் பார்த்தேன். வழவழப்பாக்கவில்லை. அம்மிக்குக் கொத்துவதுபோலவே வரிசை வரிசையாகப் பொளிந்திருந்தார். யாரும் பார்க்கப்போகாத பக்கம். தம்பியின் கையை இழுத்து வைத்தேன். "மொளகா அரைக்கலாம் போல இருக்கே" என்றான்.

நேற்று கிரானைட் கடைக்காரர் வாட்ஸ்ஆப்பில் மாதிரி அனுப்பியிருந்தார். தாத்தாவின் படம் நன்றாக வந்திருக்கிறது, மீசைகூட ஒவ்வொரு முடியாக. கீழே கணினி எழுத்தில், ஒரே அளவில், ஒரே இடைவெளியில்: "சமாதானத்தில் இளைப்பாறுகிறர்". கால் விட்டுப்போயிருக்கிறது. தம்பி பார்த்துவிட்டு 'சூப்பர்' என்று கட்டைவிரல் போட்டிருக்கிறான். நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.